கெடு எழுதப்படாத கோப்புகள்

என் கணினியின் டி டிரைவில், குடும்பப் புகைப்படங்களும் ஓய்வூதியக் காகிதங்களின் நகல்களும் தத்தம் கோப்புறைகளுக்குள் அடங்கியிருக்க, அவற்றுக்கெல்லாம் வெளியே, யாரோ வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வராமற் போனதைப்போல இருபதுக்கும் மேற்பட்ட கோப்புகள் கிடப்பதை நான் முதன்முதலாகக் கவனித்தது, ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில். அவற்றை நான் உண்டாக்கியதில்லை. வீட்டில் வேறெவரும் உண்டாக்கியதாகவும் தெரியவில்லை. பக்கத்து அறையில் இருந்த மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு, "எதையோ இன்ஸ்டால் பண்றப்போ விட்டுட்டுப் போன டெம்ப் ஃபைல்ஸ்ப்பா, டெலீட் பண்ணிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரிதான் என்பதைப் பிற்பாடு நானும் படித்து உறுதி செய்துகொண்டேன். ஆயினும் அன்றைக்கு என் விரல் அந்தப் பொத்தானின்மேல் வைத்தபடியே நின்றுவிட்டது. ஒரு காகிதம் எதன் நிமித்தம் பிறந்தது, யார் பொறுப்பில் இருந்தது, எத்தனை வருஷம் இருக்க வேண்டியது என்பன தெரியாமல் அதை அழிக்கலாகாது என்ற நியதிக்குக் கட்டுப்பட்டு முப்பது வருஷம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். அந்த நியதி கைக்குள் இறங்கிவிட்டது போலும். தயக்கம் அன்றிரவோடு தீர்ந்திருக்குமானால் இதை எழுத நேர்ந்திராது. ஆனால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், கணினியைத் திறக்குந்தோறும் முதலில் அந்த வாசற்படியைப் பார்ப்பதும், பார்த்தபின் ஏதோ ஒரு கடனைத் திருப்பாதவன்போல மனம் கனப்பதும் வழக்கமாகிவிட்டன.

அவற்றுள் ஒன்பது கோப்புகளின் பெயர்கள் ஒரே சொல்லில் தொடங்கி, தொடர்ந்து ஆளுக்கோர் எண்ணைத் தாங்கியிருந்தன: 1028, 1031, 1033, 1036, 1040, 1041, 1042, 2052, 3082. இவை என்ன எண்கள் என்று தேடிப் பார்த்தபோதுதான், விண்டோஸ் என்னும் இயங்குதளம் உலக மொழிகளுக்கு இட்டிருக்கும் அடையாள எண்கள் இவை என்று தெரிந்தது. 1028 தைவானில் வழங்கும் மரபு வடிவச் சீனம், 1031 ஜெர்மன், 1033 அமெரிக்க ஆங்கிலம், 1036 பிரெஞ்சு, 1040 இத்தாலியம், 1041 ஜப்பானியம், 1042 கொரியம், 2052 எளிமையாக்கப்பட்ட சீனம், 3082 ஸ்பானியம். ஒன்பதும் ஒரே உடன்படிக்கையின் ஒன்பது மொழிப் பிரதிகள். ஒரு மென்பொருளை உபயோகிக்கச் சம்மதம் கேட்கும் உரிம வாசகங்கள். தமிழுக்கும் அந்த வரிசையில் ஓர் எண் உண்டு, 1097. ஆனால் அந்த எண்ணைத் தாங்கிய கோப்பு அங்கே இல்லை. அது இல்லாததைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. கொரிய மொழிப் பிரதியைத் திறந்து, நிசப்தமான அந்த அறையில், எனக்குப் புரியாத அந்த எழுத்துகளின் வட்டங்களையும் கோடுகளையும் நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. சியோலிலோ பூசானிலோ யாரோ ஒருவர் படித்துச் சம்மதிக்க வேண்டும் என்று கருதி, வழக்கறிஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பார்த்துப் பார்த்து அமைத்த வாக்கியங்கள், அந்த மனிதர் ஒருநாளும் வரப்போகாத ஒரு வீட்டின் வாசலில், பதிலை எதிர்பார்த்தபடி கிடக்கின்றன. அவற்றின் தேதி 2007 நவம்பர் என்று காட்டியது. இந்தக் கணினியோ அதற்குப் பல வருஷங்களுக்குப் பின் என் வீட்டுக்கு வந்தது. தம்மைச் சுமக்கும் பெட்டியைவிட வயதில் மூத்தவை அவை.

அவை எப்படி வந்தன என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மென்பொருள் நம்மிடம் வந்து சேருவது சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டையாக. அதை உரிய இடங்களில் அமர்த்துவதற்கென்றே உடன்வரும் நிரலுக்கு நிறுவி என்று பெயர். நிறுவி முதலில் மூட்டையை எங்கேனும் அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்த பொருள்களிலிருந்து தேவையானவற்றை எடுத்து உரிய அறைகளில் வைத்து, பதிவேட்டில் குறித்து, கடைசியில் அவிழ்த்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். வழக்கமாக அவிழ்க்கும் இடம் டெம்ப் என்னும் கோப்புறை; ஒவ்வொரு பயனாளரின் பெயரிலும் உள்ள இடத்தில், சாதாரணக் கண்ணுக்கு மறைக்கப்பட்ட ஆப்டேட்டா, லோக்கல் என்னும் இரண்டு உள்ளறைகளைத் தாண்டி அது இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால், 'ஐஎஸ்' என்று தொடங்கும் கோப்புறை இன்னோ செட்டப் கொண்டு செய்த நிறுவி விட்டுச் சென்றது, 'என்எஸ்' என்று தொடங்குவது என்எஸ்ஐஎஸ் வகையைச் சேர்ந்தது என்று பழகிய கண்ணுக்கு முன்னெழுத்தே கோத்திரம் சொல்லும். சில நிறுவிகளோ எந்த டிரைவில் அதிக இடம் காலியாக இருக்கிறதோ அதைத் தேடிப் போய் அவிழ்க்கும் வழக்கமுடையவை. என் டி டிரைவில் புகைப்படங்களுக்கென நான் ஒழித்து வைத்திருந்த விசாலமே அவற்றை அழைத்திருக்கிறது. வந்தது, அவிழ்த்தது, வேலையை முடித்தது. சுத்தம் செய்வதை மாத்திரம் மறந்தது. எந்த நிறுவனத்தின் நிறுவி என்பதைச் சொல்வதால் பயனில்லை. இந்த மறதி ஒருவருக்கே உரிய குணமன்று.

என்னை ஆட்கொண்ட விசாரம் இதுதான்: தற்காலிகம் என்பது ஒரு பொருளின் குணமா? அந்த ஒன்பது கோப்புகளையும் எத்தனை முறை திறந்து பார்த்தாலும், அவற்றுள் எந்த எழுத்திலும், எந்த வரியிலும், நான் தற்காலிகமானவன் என்ற சாட்சி இல்லை. நான் சாசுவதமாக வைத்திருக்க விரும்பும் தாயாரின் புகைப்படமும், ஒரு கணத்தில் மறைய வேண்டியிருந்த அந்த உடன்படிக்கையும், வட்டின்மேல் ஒரே மாதிரியான காந்தப் புள்ளிகளாகவே பதிந்திருக்கின்றன. வீடு கட்டும்போது சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறார்கள். கம்பைப் பார்த்து இது சாரம் என்று எவரும் சொல்ல முடியாது, வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்க்கப் போகிற கொத்தனாரின் மனத்தில்தான் அது சாரமாக இருக்கிறது. விண்டோஸில் தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைத்துத் தருவதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. கேட்கும் நிரல் மூன்றெழுத்துக்கு மிகாத ஒரு முன்னொட்டைக் கொடுத்தால், அதனோடு பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் ஓர் எண்ணைச் சேர்த்து, டிஎம்பி என்ற ஈற்றையும் வைத்து, வேறெதற்கும் இல்லாத பெயராக அது தருகிறது. பெயர் வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அழிக்கும் பொறுப்பைக் கேட்டவனிடமே விட்டுவிடுகிறது. கேட்டவர்கள் எவரும் திரும்பி வராமற் போனால், ஒரு முன்னொட்டுக்குக் கிடைக்கக்கூடிய 65,535 பெயர்களும் ஒருநாள் தீர்ந்துபோய், புதிய பெயர் தர இயலாமல் அந்த ஏற்பாடே நின்றுவிடும். ஆகவே தற்காலிகம் என்பது பொருளைப் பற்றிய செய்தியன்று, ஒருவர் கொடுத்த வாக்கு. திரும்பி வந்து எடுத்துவிடுவேன் என்று சொன்னவர் இருக்கும்வரை, அவர் நினைவில் இருக்கும்வரை, பொருள் தற்காலிகமாக இருக்கிறது. வாக்குக் கொடுத்தவர் மறைந்த கணத்தில், எவரும் விரும்பாமலே, அது நிரந்தரமாகிவிடுகிறது.

வாக்குத் தவறுவதற்குத் துர்க்குணம் வேண்டியதில்லை. பாதியில் மின்சாரம் போகலாம். காத்திருக்கப் பொறுமையற்ற ஒருவர் ரத்து செய்யலாம். நச்சுநிரல் தேடும் காவல் மென்பொருள் அதே கணத்தில் அந்தக் கோப்பைக் கையில் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றொருவர் பொதுவாக அழிக்க இயலாது. அத்தகைய சங்கடத்துக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இப்போது அழிக்க முடியாதவற்றின் பெயர்களை இயங்குதளத்தின் பதிவேட்டில் ஒரு பட்டியலாக எழுதி வைத்தால், அடுத்த முறை கணினி உயிர்பெறும்போது, பயனாளர் எவரும் உள்ளே நுழைவதற்கு முன்னரே அது நிறைவேற்றப்படும். பட்டியலில் இவ்விரண்டு பெயர்களாக இருக்கும், பழைய பெயர் ஒன்று, அது பெற வேண்டிய புதிய பெயர் ஒன்று. இரண்டாவது பெயர் வெறுமையாக விடப்பட்டிருந்தால் அழித்துவிடு என்பது பொருள். இறந்தவர் எழுதி வைத்த உயிலை விடியுமுன் நிறைவேற்றும் சுற்றத்தார்போல அந்த ஏற்பாடு எனக்குத் தோன்றியது. இதைவிடவும் என்னைச் சிந்திக்க வைத்தது, மென்பொருளை நீக்க வரும் நிரலின் நிலை. எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, கடைசியில் அது தன்னையும் அகற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் தன் கோப்பைத் தானே அழித்துக்கொள்ள விண்டோஸ் இடங்கொடுப்பதில்லை. ஆதலால் என்எஸ்ஐஎஸ் போன்றவை செய்த நீக்கிகள், முதலில் தம்மைப் போன்ற ஒரு பிரதியை டெம்ப் கோப்புறையில் படைத்து, அந்தப் பிரதியின் கையால் மூலத்தை அழிக்கச் செய்கின்றன. மூலம் போய்விடுகிறது, அழித்த கை அங்கேயே எஞ்சுகிறது, அதை அழிக்க மீண்டும் அந்தப் பட்டியலின் தயவு வேண்டியிருக்கிறது. துடைக்கும் செயலே ஒரு சுவடு என்பதைத் தர்க்க நூல்களில் படித்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக நான் உணர்ந்திருக்க மாட்டேன்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மரபில் இதற்கு வேறொரு தீர்வு இருக்கிறது. அங்கே ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அதன் பெயரை நீக்கிவிடலாம். பெயர் போனபின் எந்தக் கோப்புறையிலும் அது தென்படாது. ஆனால் திறந்து வைத்திருக்கும் நிரல் அதில் எழுதலாம், படிக்கலாம், தன் காரியம் எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். கடைசியாகப் பற்றியிருப்பவன் கையை விட்ட கணத்தில், அவன் தானாக விட்டாலும் சரி, திடீர் மரணத்தால் விட நேர்ந்தாலும் சரி, அந்த இடம் திரும்பக் கிடைத்துவிடும். மறுபடியும் வருவேன் என்ற வாக்கே அங்கே தேவைப்படுவதில்லை. பிறந்தவுடன் பெயரை விட்டுவிட்டதால் பின்னால் அநாதையாகும் அபாயமும் இல்லை. இதன் நேர்த்தியை வியக்கிறேன். ஆனாலும் மனம் முழுதும் ஒப்பவில்லை. பெயரில்லாமல் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் ஒரு கோப்பினால் வட்டு நிறைந்துபோய், எங்கே தேடினாலும் காரணம் அகப்படாமல் தவித்த நிர்வாகிகளும் உண்டு. பெயர் இருந்தால் எச்சம், பெயர் இல்லாவிட்டால் மறைவு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்று தோன்றுகிறது. அதே மரபில் எல்லோருக்கும் பொதுவான தற்காலிகக் கோப்புறை ஒன்று இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் கோப்பு வைக்கலாம், ஆனால் நிர்வாகியையும் கோப்புறையின் உடையவரையும் தவிர்த்தால், வைத்தவன் மட்டுமே அதை எடுக்கலாம் என்று ஒரு விதி. பொது இடத்தில் வைத்ததற்கும் வைத்தவனே பொறுப்பு என்ற அந்த விதியில் ஒரு கண்ணியம் இருக்கிறது.

வைத்தவன் வராதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு இயந்திரங்கள் கண்டிருக்கும் விடை காலம் ஒன்றுதான். விண்டோஸ் 98-லிருந்து உடன்வந்த வட்டுத் துப்புரவு நிரல், ஏழு நாட்களாக எவரும் தொடாத தற்காலிகக் கோப்புகளையே அழிக்கத் தக்கவை என்று எடுத்துக்கொண்டது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இயங்கும் சிஸ்டம்டி, தான் வகுத்த இயல்பான விதிப்படி, ஒரு தற்காலிகக் கோப்புறைக்குப் 10 நாளும் மற்றொன்றுக்கு 30 நாளும் அவகாசம் கொடுக்கிறது. அறிந்தவன் இல்லாத இடத்தில் நாட்காட்டி நியாயாதிபதியாக அமர்கிறது. நான் வேலை பார்த்த பதிவறையின் ஞாபகம் இங்கே வராமல் இராது. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல்; அதன் வழியாகச் சாயும் வெளிச்சத்தில் மிதக்கும் காகிதத் தூசி; பசையும் பாச்சையுருண்டையும் கலந்த வாடை. அங்கே ஒரு கோப்பு முடிவுற்றதும், மேலதிகாரியின் ஒப்புதலோடு அதன் ஆயுளை மேலட்டையில் எழுதியாக வேண்டும்: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். அந்தக் காகிதங்களைக் கையாண்டு அவற்றின் தன்மையை அறிந்தவர்கள், அந்த அறிவு மங்குமுன், தாம் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போவதற்கு முன், அதை எழுத்தாக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதே அந்த ஈரெழுத்துகளின் தாத்பரியம். எப்போதாவது மேலட்டை கிழிந்து, குறி இல்லாத ஒரு கட்டு அகப்படும். என் மேலிருந்த மூத்த எழுத்தர் அதைப் புரட்டிப் பார்ப்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார், பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார். அது மதிப்புள்ளது என்பதனால் அன்று. மதிப்பற்றது என்று சொல்லத் தகுதியுடையவர் எவரும் மிஞ்சவில்லை என்பதனால். அவ்வாறு தங்கிப்போன கட்டுகள் நி.மு. கட்டுகளோடு ஒன்றாக மூப்படைந்தன.

எச்சம் எல்லாமே குப்பை என்று சொல்லிவிடவும் எனக்குத் துணிவில்லை. எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் சாரக் கம்பு செருகிய துளைகளைப் பூசாமல் விட்டிருந்தார்கள். அவற்றில் மைனாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்தன. கணினியிலும் இதற்கு நிகரான ஒன்றைக் காண்கிறேன். விண்டோஸ் கோப்புறைக்குள் இன்ஸ்டாலர் என்ற பெயரில் மறைத்து வைக்கப்பட்ட ஓர் அறை உண்டு. அதில் எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கலந்த பெயர்களோடு பெரிய பெரிய கோப்புகள் குவிந்திருக்கும். தோற்றத்தில் டெம்ப் கோப்புறையின் குப்பைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். வட்டில் இடம் போதவில்லை என்று அவற்றை அழித்தவர்கள் பலர். உடனே ஒன்றும் நேராது. பின்னொரு நாள் ஏதோ ஒரு மென்பொருளைப் பழுது பார்க்கவோ, புதுப்பிக்கவோ, நீக்கவோ முனையும்போதுதான் அது மறுத்து நிற்கும். ஏனெனில் தான் எப்படி உள்ளே வந்தோம் என்ற குறிப்பும், எப்படி வெளியேறுவது என்ற வழியும் அந்தக் கோப்புகளிலேயே இருந்தன. வந்த வழியை மறந்த ஒன்றுக்குப் போகும் வழி கிடையாது. நிறுவும் வேலை நடந்துகொண்டிருக்கையிலும் இதுபோல ஒன்று நிகழ்கிறது. புதியதை வைக்க இடம் கொடுத்து விலகும் பழைய கோப்புகளைக் கான்ஃபிக் எம்எஸ்ஐ என்ற மறைவான கோப்புறையில் பெயர் மாற்றிச் சேமிக்கிறார்கள். நடுவே ஏதேனும் தவறினால், ஒவ்வொன்றையும் இருந்த இடத்தில் திரும்ப வைத்து, எதுவுமே நடவாததுபோலச் செய்துவிடலாம். காரியம் கைகூடிய கணத்திலோ முதலில் அழிக்கப்படுவது அந்தச் சேமிப்புத்தான். வெற்றியடைந்த பின் திரும்பிப்போகும் பாதை அநாவசியம் என்று கருதுகிறோம். இது நியாயமான விதி. இதைக் குறை கூற எனக்குக் காரணமில்லை. என்றாலும், மாறிய வேலையையும் மாறிய ஊரையும் பற்றி யோசிக்கும்போது, அந்தக் கடைசித் துப்புரவைச் செய்யாமல் சற்றுத் தாமதித்திருக்கலாமே என்று ஏங்கிய நாட்கள் என் வாழ்க்கையில் உண்டு.

இவ்வளவும் படித்தறிந்த பின், என் வாசற்படியில் கிடந்த கோப்புகளைப் பற்றிய என் ஸ்திதி மாறிவிட்டதை உணர்ந்தேன். அவற்றைத் தற்காலிகமானவை என்று அறிந்திருந்த நிறுவி, தன் வேலை முடிந்த அன்றே இல்லாமற் போயிற்று. இடையில் எத்தனையோ வருஷம் அவற்றின் தன்மையை அறிந்தவர் இந்தக் கணினியில் எவருமில்லை. அவற்றின் தேதி செய்தவர்களின் தேதியாகையால், அவை இங்கே எத்தனை நாள் தங்கின என்பதை நாட்காட்டிகூடச் சரியாகச் சொல்லியிராது. இப்போது நான் அறிவேன். அறிந்ததனாலேயே, எவரோ கொடுத்துவிட்டுப் போன வாக்கு என்மேல் இறங்கிவிட்டது. அன்றிரவு என் விரலை நிறுத்திய தயக்கம் அறியாமையின் தயக்கம், அது நியாயமானது, இனி அதே தயக்கத்தை நீட்டிப்பது பதிவறையின் அந்தக் குறியில்லாத கட்டுகளோடு இன்னும் ஒன்றைச் சேர்ப்பதாகத்தான் முடியும்.

பதிவறையில் அழிப்பதற்குமுன் பட்டியல் எடுப்பது விதி. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோடு போட்ட வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கோப்பின் பெயரையும், தேதியையும், எதற்காக வந்தது என்பதையும் வரிசையாக எழுதினேன். ஒன்பது மொழிகளின் எண்களுக்கு நேரே மொழிகளின் பெயரையும் தமிழில் எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். அவை முதலில் போய்ச் சேர்ந்த மறுசுழற்சித் தொட்டியையும் ஒழித்தேன். அதன் பின்னும் அந்தக் கொரிய வாக்கியங்கள் வட்டின் ஏதோ ஒரு மூலையில், வேறொன்று மேலே எழுதப்படும்வரை, பெயரிழந்து இருக்கக்கூடும் என்பதை அறிவேன். அந்த மிச்சத்துக்கு என் கை எட்டாது. தாளின் அடியில் கையெழுத்திட்டுத் தேதி போட்ட பின், மேல் மூலையில் அந்தத் தாளின் ஆயுளை எழுத வேண்டியிருந்தது; பேனா சற்று நேரம் அங்கேயே நின்றது. அழித்ததன் சுவடாக எஞ்சிய இதற்கு எத்தனை வருஷம் கொடுப்பது? ஓ.மு. என்று எழுதினேன். வரும் ஐப்பசி கழிந்ததும் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டியவன் நான். அது எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்தப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது என்பதையும், அந்த இரண்டு எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்பதையும் அன்று மாலையே மகளிடம் சொல்லி வைத்தேன்.